ஆடிக்கொண்டே பாடு, மூச்சு வாங்காதே

தில்லி மேடைகளில் இசை நாடகங்களுக்கு மவுசு வந்திருக்கிறது. ஆனால் ஆடவும் பாடவும் தெரிந்த ஒரே ஆளைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது

முதலில் பாடச் சொல்வார்கள். ஒரு பல்லவி அளவுக்குத்தான் நேரம். அதற்குள் சுருதி சுத்தம், உச்சரிப்பு, குரல் எவ்வளவு மேலே போகும், எவ்வளவு கீழே இறங்கும் என்பதெல்லாம் மேசைக்குப் பின்னால் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிட வேண்டும். அடுத்தது நடனம். உதவியாளர் எட்டு எட்டாக எண்ணி ஒரு சிறு கோர்வையைச் சொல்லித்தருவார். இரண்டு முறை ஒத்திகை, மூன்றாவது முறை தேர்வு. இதுவரை தப்பித்தவர்களுக்குக் கடைசியாக ஒரு உத்தரவு காத்திருக்கிறது: இதே ஆட்டத்தை ஆடிக்கொண்டே அந்தப் பாட்டைப் பாட வேண்டும்.

பத்து வருடம் கதக் கற்றவரும், பத்து வருடம் சங்கீதம் கற்றவரும் ஒருசேரத் திணறும் இடம் இது. மேடை இசை நாடகத்திற்கான ஆடிஷனில் பலருடைய கனவு இங்கேதான் முடிகிறது.

2015 டிசம்பரில் தியாகராஜ் விளையாட்டரங்கில் டிஸ்னியின் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' இந்தியக் கலைஞர்களோடு மேடையேறியது. 2017 செப்டம்பரில் ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கில் 'முகல்-ஏ-ஆஸம்' வந்தது. பெரோஸ் அப்பாஸ் கான் இயக்கி, 2016 அக்டோபரில் மும்பையில் முதலில் அரங்கேறிய நாடகம் அது. கே. ஆசிப் 1960ல் எடுத்த அதே கதைதான் (தமிழில் 'அக்பர்' என்ற பெயரில் டப்பிங் செய்யப்பட்ட அந்தப் படம் இங்கே எடுபடவில்லை). முப்பது கதக் கலைஞர்கள், பெங்களூரின் மயூரி உபாத்யாவின் நடன அமைப்பு, மணீஷ் மல்ஹோத்ராவின் உடைகள் என்று பிரம்மாண்டத்திற்குக் குறைவில்லை. ஆனால் இயக்குநர் எதிர்கொண்ட பெரிய சிக்கல் வேறு: அனார்கலிக்கு யாரைப் போடுவது?

மூன்று பேர், ஒரு அனார்கலி

சினிமாவில் அந்தச் சிக்கல் இல்லை. கண்ணாடி மாளிகைப் பாட்டில் ரசிகர்கள் கண்டது மதுபாலாவின் முகம், கேட்டது லதா மங்கேஷ்கரின் குரல். கடினமான சில சுழற்சிகளை ஆடியவர் மதுபாலாவின் முகமூடி அணிந்த ஆண் நடனக்காரர். மூன்று பேரைச் சேர்த்து ஒரு அனார்கலியைச் செய்தார்கள்.

மேடையில் அது நடக்காது. வாயசைப்பு கூடாது, பாத்திரமே பாட வேண்டும் என்று முடிவானபோது, மூவரும் செய்ததை ஒரே பெண் செய்ய வேண்டியதாயிற்று. அந்தப் பாத்திரத்தை ஏற்ற பிரியங்கா பார்வே, நேஹா சர்கம் இருவருமே ஹிந்துஸ்தானி சங்கீதம் பயின்றவர்கள் என்பது கவனிக்க வேண்டியது. நாயகி விஷயத்தில் குரல்தான் முதலில் பார்க்கப்பட்டது. நடன அசைவுகளை மாதக் கணக்கில் ஒத்திகை பார்த்து ஏற்றிவிடலாம், சுருதி ஞானத்தை அப்படி ஏற்ற முடியாது என்பதே இதில் உள்ள கணக்கு. நடனமே உயிராக இருந்தவர்களுக்குப் பின்வரிசை கிடைத்தது.

உடம்பு இடும் தடை

இரண்டையும் சேர்த்துச் செய்வது ஏன் இவ்வளவு கடினம்? காரணம் வயிற்றில் இருக்கிறது. கதக்கில் சக்கர் சுற்றும்போது அச்சு விலகாமலிருக்க வயிற்றுத் தசைகள் இறுகியிருக்க வேண்டும். பாடும்போது அதே தசைகள் மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க வேண்டும். வேகமான காலாட்டத்திற்குப் பிறகு மூச்சு சிறியதாகி விடும். நீண்ட கார்வையோ நீண்ட மூச்சைக் கேட்கும். முன் நெற்றியிலோ கன்னத்திலோ ஒட்டிய சின்ன மைக் எதையும் மன்னிக்காது. இரைப்பு கடைசி வரிசை வரை கேட்கும்.

இன்னொரு தொல்லை சுருதி. வீட்டிலும் கச்சேரியிலும் தனக்கு வசதியான கட்டையில் பாடிப் பழகியவர், இங்கே பாட்டு எந்தச் சுருதியில் அமைக்கப்பட்டதோ அதற்குள் தன் குரலைப் பொருத்த வேண்டும்.

இதற்கெல்லாம் வழி இல்லாமல் இல்லை. ஓடிக்கொண்டே ஸரளி வரிசை பாடிப் பழகுவது ஒன்று. பாட்டின் ஒவ்வொரு வரியிலும் எங்கே மூச்சு எடுப்பது என்று முன்கூட்டியே குறித்துக்கொள்வது இன்னொன்று. கெட்டிக்கார நடன அமைப்பாளர்கள் நீண்ட ஸ்வரம் வரும் இடத்தில் பாத்திரத்தை நிற்கவிட்டு, வேகமான ஆட்டத்தை வாத்திய இசை வரும் இடத்திற்குத் தள்ளிவிடுவார்கள்.

பிரித்தது யார்?

தமிழர்களுக்கு இது புது வித்தை அல்ல. சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல் மதுரையில் தொடங்கிய பாலர் சபையிலும், எம்.ஜி.ஆர். பயின்ற மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிலும் பாடத் தெரியாத பையனுக்கு முக்கிய வேஷம் கிடைப்பது அரிது. பாட்டு, ஆட்டம், வசனம் மூன்றும் ஒரே கூரையின் கீழ் சொல்லித்தரப்பட்டன. அங்கேயும் ஒரு கொடுமை உண்டு. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், நேற்றைய நாயகன் இன்று பின்வரிசைக்குப் போக வேண்டும். பரதத்திலும் பாலசரஸ்வதி (1918-1984) பதங்களுக்குத் தானே பாடியபடி அபிநயம் பிடித்தார். ஆடுபவர் வாய் திறக்கக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

பிரிவினை பெரும்பாலும் சினிமா கொண்டுவந்தது. 1935ல் இந்திப் படத்திலும் 1938ல் தமிழ்ப் படத்திலும் பின்னணிப் பாட்டு நுழைந்தது. அதன் பிறகு குரல் ஒருவருடையது, உடம்பு இன்னொருவருடையது என்பது இயல்பாகிவிட்டது. கற்றுத்தரும் இடங்களும் அதே வழியில் பிரிந்தன. தில்லியில் கதக் கேந்திரா ஆட்டத்திற்கு, தேசிய நாடகப் பள்ளி நடிப்புக்கு, சங்கீதத்திற்கு வேறு குரு. ஸ்ரீராம் பாரதீய கலா கேந்திரா 1957 முதல் ஆண்டுதோறும் நடத்தும் ராமாயண நாட்டிய நாடகத்திலும் ஆடுபவர் பாடுவதில்லை.

கரோல் பாக், ராமகிருஷ்ணபுரம் தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பிரிவினை வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. ஆறு வயதில் பாட்டு வகுப்புக்கும் டான்ஸ் வகுப்புக்கும் சேர்த்தே அனுப்பப்படும் பெண்ணிடம், பத்தாம் வகுப்பு வந்ததும் "ரெண்டுல ஏதாவது ஒண்ணை வெச்சுக்கோ, படிப்பு இருக்கு" என்பார்கள். பிற்பாடு ஆடிஷனில் அவள் தேடுவது அன்று விட்டுவிட்ட மற்றொன்றைத்தான்.

அமெரிக்காவிலும் இது ஒரு காலத்தில் பிரிந்தே இருந்தது. பழைய பிராட்வே நாடகங்களில் பாடும் கோஷ்டி வேறு, ஆடும் கோஷ்டி வேறு. 1957ல் வந்த 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' ஆட்டம், பாட்டு, நடிப்பு மூன்றையும் ஒரே நடிகர்களிடம் கேட்டது. 1975ல் வந்த 'எ கோரஸ் லைன்' ஆடிஷனையே கதையாக்கியது: எட்டு இடங்களுக்குப் பதினேழு பேர். நாயகர் வேஷம் எதுவும் அங்கே காலியாக இல்லை. பின்வரிசையில் நிற்பதற்கே அந்தப் போட்டி. பதினைந்து வருடம் அது ஓடியதற்கு, வேலை தேடி வரிசையில் நின்ற யாருக்கும் அந்தக் கதை புரிந்தது ஒரு காரணம்.

தில்லிக்கு உள்ளூர் பாடம் ஒன்றும் உண்டு. 1958ல் ஹபீப் தன்வீர் சத்தீஸ்கரில் விடிய விடிய நடந்த நாச்சா ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, அந்தக் கலைஞர்களில் ஆறு பேரைத் தில்லிக்கு அழைத்து வந்தார். ஆட்டம் வேறு பாட்டு வேறு என்று பிரித்துக் கற்காதவர்கள் அவர்கள். அப்படிப்பட்ட கலைஞர்களை வைத்து அவர் உருவாக்கிய 'சரண்தாஸ் சோர்' 1982ல் எடின்பரோ விழாவில் பரிசு வாங்கியது.

தேர்வானாலும் கவலை தீர்வதில்லை. பெரிய நாடகங்கள் பெரும்பாலும் மும்பையில் உருவாகின்றன. தில்லிக்கு அவை சில நாள் விருந்தாளிகள். நிரந்தர மேடை என்று நம்பப்பட்ட குர்கானின் கிங்டம் ஆஃப் டிரீம்ஸ் 2010ல் திறந்து 2022ல் மூடப்பட்டது. ஒரு நாடகம் முடிந்தால் அடுத்த ஆடிஷன் வரை நடன வகுப்பு எடுத்துத்தான் காலம் தள்ள வேண்டும்.

இருந்தும் வரிசை குறையவில்லை. 'முகல்-ஏ-ஆஸம்' 2023ல் வட அமெரிக்கா வரை போய் வந்தது. முப்பது பேர் பின்வரிசையில் நின்றாலும் அது முப்பது பேருக்குச் சம்பளம், முப்பது பேருக்கு மேடை. அதில் ஒருத்தி ஆடியபடியே பாடவும் பழகிக்கொண்டால், அடுத்த முறை அனார்கலிக்கு ஆள் தேடும்போது முன்வரிசையை மட்டும் பார்க்க வேண்டியிருக்காது.