கணைய அழற்சியால் பித்தக்குழாய் சுருங்கினால்... ஸ்டென்ட் போதுமா, ஆபரேஷன் தேவையா?

நாள்பட்ட கணைய அழற்சி உள்ளவருக்குக் கண் மஞ்சளானால், சாதாரண மஞ்சள்காமாலைன்னு கீழாநெல்லி பக்கம் போயிடக் கூடாது. கல்லீரலில் இருந்து வரும் பித்தக்குழாய், கணையத்தின் தலைப்பகுதி வழியாகத்தான் குடலுக்குப் போகிறது. கணையம் தழும்பேறி இறுகினால் குழாயும் நெரிபடும். பித்தம் தேங்கி அரிப்பு வரும். கிருமி தொற்றினால் குளிர்காய்ச்சல், உயிருக்கே ஆபத்து. புற்றுநோயும் இதேபோல அடைக்கும் என்பதால், முதலில் அது இல்லை என்று உறுதிசெய்வார்கள்.

பெரும்பாலும் எண்டோஸ்கோபிதான் முதல் வழி. வயிற்றைக் கிழிக்காமல், வாய் வழியாகக் கருவியைச் செலுத்தி ஸ்டென்ட் வைப்பாங்க. ஆனா பிளாஸ்டிக் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். சுமார் 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்றி, ஒரு வருடம் வரை தொடரணும். ‘மஞ்சள்தான் போயிடுச்சே’ என்று தேதியைத் தவறவிட்டால், ரத்தத்தில் கிருமி பரவி ஐ.சி.யூ. வரை போகலாம். உலோக ஸ்டென்ட்டுக்கு இந்த அலைச்சல் குறைவு, விலை அதிகம். சில சமயம் இடம் நகர்ந்துவிடும்.

கணையத் தலையில் சுண்ணாம்பு படிந்திருந்தால், ஸ்டென்ட்டை எடுத்ததும் மறுபடி சுருங்கும் வாய்ப்பு அதிகம். அப்போதுதான் ஆபரேஷன் பேச்சு வரும். பித்தக்குழாயை நேரடியாகச் சிறுகுடலோடு இணைப்பார்கள். தீராத வலி இருந்தால் கணையத்துக்கும் சேர்த்தே சிகிச்சை. பலன் நீடிக்கும், ஆனால் பெரிய ஆபரேஷன். கல்லீரல் சுருக்கம் இருந்தால் ரிஸ்க் கூடும்.

ஸ்டென்ட் வைத்தவர்கள், மாற்றும் தேதியை இப்பவே போன்ல ரிமைண்டர் போட்டு வெச்சுக்கோங்க.