பிரசவம் வரை காத்திருக்கும் காய்ச்சல்

கர்ப்ப காலத்து மலேரியா எல்லா ஊரிலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ஆப்பிரிக்காவில் மலேரியா ஓயாமல் இருக்கும் கிராமங்களில், சிறு வயதிலிருந்தே கொசுக்கடி பட்டுப் பட்டுப் பெண்களுக்கு ஓரளவு எதிர்ப்பாற்றல் வந்துவிடுகிறது. ஆனால், ஃபால்சிபாரம் வகைக் கிருமி புகுந்த ரத்த அணுக்கள் நஞ்சுக்கொடியில் ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடக்கூடியவை. இந்த ஒட்டுதலைத் தடுக்கும் ஆற்றல் தலைப்பிரசவத்தில் இருக்காது; அடுத்தடுத்த கர்ப்பங்களில்தான் சேரும். தாய்க்குக் காய்ச்சல் அடிக்காமலே போகலாம். விரலில் குத்தி எடுத்த ரத்தத்தில் கிருமி தென்படாமலும் போகலாம். சோகை மட்டும் கூடிக்கொண்டே வரும். குழந்தை எடை குறைந்து பிறக்கும். மலேரியா மிகுந்த 33 ஆப்பிரிக்க நாடுகளில் 2022இல் கருவுற்ற சுமார் 3.5 கோடிப் பேரில் 1.27 கோடிப் பேருக்கு மலேரியா தொற்று இருந்தது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

மலேரியா அபூர்வமாக வரும் ஊரில் கதை வேறு. அங்கே யாருக்கும் எதிர்ப்பாற்றல் கிடையாது; முதல் கர்ப்பமோ மூன்றாவதோ, கடுங்காய்ச்சலாகத்தான் வரும். இலங்கை இதைக் கொடுமையான விதத்தில் கண்டது. 1934இல் மழை பொய்த்து, தென்மேற்கு ஈரவலயத்து ஆறுகள் ஓட்டம் நின்று குட்டை குட்டையாகத் தேங்கின. அந்தக் குட்டைகளில் கொசு பெருகி, மலேரியாவுக்குப் பழகாத கிராமங்களில் 1934-35இல் மூண்ட கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் மாண்டனர். அப்போது கொழும்பில் பணியாற்றிய மகப்பேறு மருத்துவர் ஜி.ஏ.டபிள்யூ. விக்கிரமசூரிய, கர்ப்பிணிகள் மற்றப் பெண்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு விகிதத்தில் இறந்ததைக் கண்டார். மலேரியாவும் கொக்கிப்புழுவும் கர்ப்பிணிகளை வதைப்பது பற்றிய அவர் நூல் 1937இல் வந்தது. வயிற்றில் புழு, உடம்பில் ரத்தமில்லை, அதன்மேல் மலேரியா என்ற அந்த அடுக்கு இன்றைய ஏழைக் கிராமங்களுக்கும் பொருந்தும்.

சென்னை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. தமிழ்நாட்டு மலேரியாவில் பெரும்பங்கு நெடுங்காலம் சென்னை நகரத்தினுடையதாக இருந்தது. அதிலும் பெரும்பாலானது வைவாக்ஸ் வகை. பரப்புவது அனாஃபிலிஸ் ஸ்டீஃபன்சை என்னும் கொசு. இதற்குச் சாக்கடை பிடிக்காது. நல்ல தண்ணீர் வேண்டும். மயிலாப்பூரின் பழைய வீட்டுக் கிணறுகளும், தி.நகர் அடுக்குமாடிகளின் மூடி சரியாகப் பொருந்தாத மேல்நிலைத் தொட்டிகளும் அதற்கு ஏற்ற இடங்கள். குழாயில் எந்நேரமும் தண்ணீர் வராத நகரம் தண்ணீரைச் சேர்த்து வைக்கிறது. சேர்த்த தண்ணீரில் கொசு முட்டையிடுகிறது. கிணற்றில் கம்பூசியா மீன் விடுவது, தொட்டியில் மருந்து ஊற்றுவது, மூடிக்கு வலை கட்டச் சொல்லி நோட்டீஸ் கொடுப்பது என மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாக ஏறி இறங்கியதன் பலன் கண்கூடு. நோய் வெகுவாகக் குறைந்துவிட்டது. தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனத்தார் பெசன்ட் நகர் கிளினிக்கில் நோயாளிகளைச் சேர்த்து நடத்திய ஆய்வுகள் இந்த நகர்ப்புற வைவாக்ஸைப் பற்றிய அறிவுக்குப் பெரிதும் உதவியவை.

இன்று தென்சென்னையில் மலேரியாவைத் தேட வேண்டிய இடம் கட்டுமானத் தளம். பழைய பங்களாக்கள் இடிந்து அடுக்குமாடிகள் எழும் அடையாறிலும், மயிலாப்பூர், மந்தைவெளி, பனகல் பூங்கா வழியாக நடக்கும் மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்ட வேலையிலும் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், மேற்கு வங்கத்துத் தொழிலாளர்கள் ஏராளம். கான்கிரீட் தளம் போட்டதும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். அந்தத் தண்ணீரும் லிஃப்ட் குழியில் தேங்குவதும் ஸ்டீஃபன்சைக்குப் போதும். வெயில் காலத்தில் முட்டை பத்து நாளுக்குள் கொசுவாகிவிடும். பக்கத்திலேயே தகரக் கொட்டகை. அங்கே குடும்பத்தோடு தங்கிச் சிற்றாள் வேலை பார்க்கும் பெண்களில் கர்ப்பிணிகளும் உண்டு. ஊரிலிருந்து கிருமியோடு வந்தவரும், இங்கே கடிபட்டுத் தொற்றிக்கொள்பவரும் ஒரே கொட்டகையில் படுக்கிறார்கள். கர்ப்பிணிகளிடம் கொசு கூடுதலாகப் போகும் என்பதற்கும் சான்று உண்டு. காம்பியாவில் நடந்து 2000இல் வெளியான ஆய்வொன்றில் அவர்களை நாடி வந்த கொசுக்கள் ஏறத்தாழ இரு மடங்கு. அவர்கள் கூடுதலாக மூச்சு விடுவதும் வயிற்றுப் பகுதி சற்றுச் சூடாக இருப்பதும் காரணமாகச் சொல்லப்பட்டன.

இந்தத் தொழிலாளர்கள் விட்டு வந்த கிராமங்களின் நிலையும் தெரிந்திருக்க வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் மலேரியா ஆராய்ச்சியாளர் நீரு சிங் குழுவினர் நடத்திய ஆய்வுகளில், கர்ப்பிணிகளுக்கு மற்றப் பெண்களைவிட மலேரியா அதிகமாக வந்தது. ரத்தத்தில் கிருமியின் அடர்த்தியும் அதிகம். ஜார்க்கண்டில் 2009இல் வெளியான ஆய்வு, மகப்பேறு பரிசோதனைக்கு வந்தவர்களில் நூற்றுக்கு இருவர் அளவில்தான் கிருமியைக் கண்டது. நூற்றுக்கு இருவர் என்பதைச் சிறிய எண் என்று சொல்பவர், பிரசவ வார்டில் ஒரு மாதம் வேலை பார்த்தவராக இருக்க முடியாது. ஒடிசா 2017இல் ‘தமன்’ திட்டத்தைத் தொடங்கி, எட்டாத மலைக் கிராமங்களிலும் காய்ச்சல் இல்லாதவர்களையும் சேர்த்துப் பரிசோதித்து மருந்து கொடுத்தது. 2016இல் நான்கு லட்சத்தைத் தாண்டியிருந்த நோயாளிகள் எண்ணிக்கை 2018இல் 70,000க்கும் கீழே போனது.

இனி மருந்து. சிக்கலின் முடிச்சு இங்கேதான். வைவாக்ஸ் கிருமி ரத்தத்தில் மட்டும் இருப்பதில்லை. அதில் ஒரு பகுதி கல்லீரலில் உறங்குகிறது. ரத்தத்தில் உள்ளதைக் குளோரோகுயின் மூன்றே நாளில் தீர்க்கும். கர்ப்பிணிக்கும் அதைத் தரலாம். உறங்குவதை ஒழிக்க 14 நாள் பிரைமாகுயின் வேண்டும். அதைக் கர்ப்பிணிக்குத் தரக்கூடாது. ஜி-6-பி-டி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பிரைமாகுயின் ரத்த அணுக்களை உடைக்கும். வயிற்றுக் குழந்தைக்கு அந்தக் குறைபாடு உண்டா என்று அறிய வழியில்லை. ஆகவே சிகிச்சை பாதியில் நிற்கிறது. சில வாரமோ மாதமோ கழித்து, கொசு கடிக்காமலே காய்ச்சல் திரும்பலாம். ஒவ்வொரு முறையும் ரத்தம் குறையும். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப் பேர் ஏற்கெனவே சோகை உள்ளவர்கள் என்கிறது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. வைவாக்ஸ் சாதுவானது என்ற பழைய எண்ணமும் நிற்கவில்லை. தாய்லாந்து-மியான்மர் எல்லைப் பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு, முதல் மூன்று மாதத்தில் எந்த வகை மலேரியா வந்தாலும் கருச்சிதைவு வாய்ப்பு சுமார் மூன்று மடங்காவதைக் காட்டியது. திரும்பி வருவதைத் தடுக்க, பிரசவம் வரை வாரம் ஒருமுறை குளோரோகுயின் தரும் வழியை உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

ஃபால்சிபாரத்துக்கு நிலைமை சற்று எளிது. முதல் மூன்று மாதத்தில் குயினைன்தான் என்றிருந்த விதியை மாற்றி, ஆர்டிமீதர்-லுமிஃபான்ட்ரின் கூட்டு மருந்தைத் தரலாம் என்று அதே நிறுவனம் 2022இல் அறிவித்தது.

பிரசவ ஏற்பாடுகளில் தமிழ்நாடு பல மாநிலங்களுக்கு முன்னே நிற்கிறது. 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்குத் தாய் இறப்பு இங்கே 54. நாட்டின் சராசரி 97. பிரசவங்கள் அநேகமாக எல்லாமே மருத்துவமனையில். ஆனால் மலேரியா குறைந்த ஊரில் மலேரியா யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவதில்லை. கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்றால் டெங்கு, டைபாய்டு, சிறுநீர்த் தொற்று என்றுதான் பரிசோதனை போகும். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் நடுக்கத்தோடு வரும் முறைக்காய்ச்சல், மொழி தெரியாத பெண்ணின் வாயில் வெறும் ‘புகார்’ (இந்தியில் காய்ச்சல்) ஆகிவிடுகிறது. ரத்தத் தடவல் பரிசோதனை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யக்கூடியது; கேட்க வேண்டிய கேள்வி எந்த ஊர், எப்போது வந்தீர்கள் என்பதுதான்.

பிரசவத்துக்குப் பிறகுதான் மீதிச் சிகிச்சைக்கு வழி திறக்கிறது. அப்போதும் உடனே அல்ல: பாலூட்டும் குழந்தைக்கு ஆறு மாதம் ஆக வேண்டும், ஜி-6-பி-டி பரிசோதனை நடக்க வேண்டும். அதற்குள் கட்டடம் முடிந்து, கொட்டகை பிரிக்கப்பட்டு, குடும்பம் வேறு ஊருக்கோ சொந்தக் கிராமத்துக்கோ போயிருக்கும். கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் தமிழ்நாட்டின் பிக்மி எண் தடுப்பூசிக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் உதவுகிறது. அதே போல, பிரைமாகுயின் பாக்கி இருக்கிறது என்ற ஒரு வரி தாயின் கையிலுள்ள தாய்-சேய் நல அட்டையில் எழுதப்பட்டிருந்தால், ஒடிசாவின் கோராபுட்டிலுள்ள ஆஷா எனும் கிராம சுகாதாரப் பணியாளரால் அந்த 14 நாள் மாத்திரையைக் கொடுத்து முடிக்க முடியும்.