மண் காய எத்தனை நாள்?

கரடியூரில் ஒரு காப்பித் தோட்டம். மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தடியில் என் பெட்டியைக் கட்டிவைத்தேன். மண்ணின் ஈரத்தை அளந்து ரேடியோ அலையில் தோட்டத்து வீட்டுக்குச் சொல்லும் சிறு கருவி அது. நிமிஷத்துக்கு ஒரு தகவல் அனுப்பும். 2,600 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றரை மாதம் தாங்கும் என்று நம்பினேன். பதினோராம் நாளே பேச்சு நின்றுவிட்டது. மூடுபனி கவிந்த ஏற்காட்டு மலையில் சோலார் தகட்டையும் பெரிதாக நம்ப முடியாது.

பெட்டியைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். சிப் தூங்கும்போதும் 7 மில்லிஆம்பியர் போய்க்கொண்டிருந்தது. சிப் குடித்தது அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. போர்டில் எரிந்த கடுகளவு சிவப்பு விளக்கும், மின்னழுத்தத்தைச் சீராக்கும் பாகமும்தான் மீதியைத் தின்றன. சால்டரிங் அயர்னால் விளக்கை எடுத்தேன், சீராக்கியை மாற்றினேன்.

அடுத்து ஒரு தப்புச் செய்தேன். மெதுவாக ஓட்டினால் மிச்சமாகும் என்று சிப்பின் கடிகார வேகத்தை மூன்றில் ஒன்றாக இறக்கினேன். செலவு ஏறியது! கணக்கு முடியும்வரை சென்சாரும் மற்ற பாகங்களும் விழித்தே கிடந்தன.

சிப்புக்குள் லட்சக்கணக்கான சுவிட்சுகள். ஒவ்வொன்றும் மாறும்போது ஒரு துளி மின்சாரம் செலவாகும். அந்தச் செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அழுத்தத்தைக் கால் பங்கு குறைத்தால், அதே வேலைக்கான செலவு ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஆனால் அழுத்தம் குறைந்தால் சுவிட்சு மந்தமாகும். ஆகவே வேகத்தோடு அழுத்தத்தையும் இறக்க முடிந்தால், மெதுவாகப் போவது லாபம். அழுத்தம் மாறாத சிப்பில், சட்டென்று முடித்துவிட்டுத் தூங்குவதே லாபம். என்னுடையது இரண்டாவது வகை.

ரேடியோவிலும் இதே கணக்குத்தான். என் பெட்டி பேசும் லோரா என்ற ரேடியோ முறையில் தகவலை நிதானமாக அனுப்பினால் மலைமடிப்பு தாண்டியும் எட்டும். ஆனால் வேகத்தை ஒவ்வொரு படி இறக்கும்போதும் காற்றில் பேசும் நேரம் ஏறத்தாழ இரட்டிக்கும்; மின்செலவும் கூடவே ஏறும்.

வேகம் ஒரு தட்டில், மின்செலவு மறு தட்டில்: பெரிய நிறுவனங்களும் இந்தத் தராசைப் பிடித்தே ஆக வேண்டும். 2004-இல் இன்டெல் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் திட்டத்தைக் கைவிட்டு, ஒரே சிப்பில் பல கோர்களை வைக்கும் வழிக்குத் திரும்பியது. சென்னை ஐஐடியின் 'சக்தி' செயலிகளிலும் சிறு கருவிக்குச் சிக்கனமான இ-கிளாஸ், கடும் வேலைக்கு வேகமான ஐ-கிளாஸ் என்று தனித்தனி வகைகள் உண்டு.

இதையெல்லாம் எஸ்டேட்காரரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், "தம்பி, மண்ணு காய ரெண்டு மூணு நாளாகும். நிமிஷத்துக்கு நிமிஷம் அதைக் கேட்டு என்ன பண்ணப்போறீங்க?" என்றார்.

அரை மணிக்கு ஒரு தகவல் என்று மாற்றினேன். காப்பியைப் பூக்கவைக்கும் பூமழைக்குக் காத்திருந்த மார்ச் மாதம் முழுதும் பெட்டி பேசிக்கொண்டே இருந்தது. இப்போதெல்லாம் சிப்பைத் தேர்வதற்கு முன், அளக்கப்போகும் பொருள் எவ்வளவு வேகமாக மாறும் என்று அதோடு வாழ்கிறவர்களிடம் கேட்டு, நோட்டின் முதல் வரியில் எழுதிக்கொள்கிறேன்.