மாத்திரை அதேதான், ரத்தத்தில் அளவு வேறு

பைபோலார் என்னும் இருதுருவ மனநோய்க்கு லித்தியம் சாப்பிடும் ஒருவர், சித்திரை வெயிலில் வேடசந்தூர்ப் பக்கம் காட்டு வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வியர்த்துக் கொட்டுகிறது; குடிக்கும் தண்ணீர் போதவில்லை. சாயங்காலம் இடுப்பு வலிக்கு மெடிக்கலில் டைக்ளோபினாக் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். லித்தியம் மாத்திரையை யாரும் கூட்டிக் கொடுக்கவில்லை. ஆனாலும் அவர் ரத்தத்தில் லித்தியம் ஏறக்கூடும்.

லித்தியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால் அது உப்பைப் பிடித்துவைக்கப் பார்க்கும். கூடவே லித்தியத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். டைக்ளோபினாக், இபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகளும், ரத்தக் கொதிப்புக்கான சில மாத்திரைகளும் இதே வேலையைச் செய்கின்றன. தைப்பூசத்துக்குத் திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடப்பவர்களில் லித்தியம் சாப்பிடுவோர் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். விரதத்தில் உப்பைக் குறைப்பது, நாள் முழுக்க நடப்பது, கால் வலிக்கு மாத்திரை போடுவது என மூன்றும் ஒன்றுசேரும் நாட்கள் அவை.

லித்தியத்தில் பலனுக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறைவு. ஒரு லிட்டர் ரத்தத்தில் பொதுவாக 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும், 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. கை பலமாக நடுங்குவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், நாக்குக் குழறல் ஆகியவை நஞ்சாகிவிட்டதன் அறிகுறிகள். அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இந்த நோயின் மனச்சோர்வு வந்து படுத்துவிட்டவருக்கு மருந்தை மாற்றும்போதும் முதலில் பார்க்க வேண்டியது இந்த ரத்த அளவைத்தான். கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். காலை மாத்திரையைப் போட்டுவிட்டுப் போனால் கணக்கு தப்பும். அளவைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஏறக்குறைய ஒரு வாரம் கழித்துத்தான் புதிய அளவு நிலைப்படும். தைராய்டையும் பார்ப்பார்கள். லித்தியம் தைராய்டைக் குறைக்கக்கூடியது. தைராய்டு குறைந்தால் அதுவே சோர்வாகத் தெரியும்.

டாக்டரிடம் சோர்வை மட்டும் சொல்லிவிட்டு வருகிறவர்கள் பலர். தூக்கமே இல்லாமல் ஓடியாடிய நாட்களையும், கடன் வாங்கிச் செலவழித்த காலத்தையும் சொல்வதில்லை. அதைச் சொல்லாமல் சோர்வுக்கான மாத்திரையை மட்டும் வாங்கினால் மனம் எதிர்ப்பக்கம் பாய்ந்துவிடக்கூடும். கூட வரும் வீட்டார்தான் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

அளவு சரியாக இருந்தும் சோர்வு விலகாவிட்டால் குவெட்டியாபின் அல்லது லாமோட்ரிஜின் சேர்ப்பதுண்டு. லாமோட்ரிஜினை அவசரமாக ஏற்றக் கூடாது. வழக்கமாக 25 மில்லிகிராமில் தொடங்கி இரண்டு வாரம், பிறகு 50-இல் இரண்டு வாரம் என்று போகும். இதே நோய்க்குக் கொடுக்கும் வால்புரோயேட் மருந்தையும் சாப்பிடுபவருக்கு அதில் பாதிதான். வேகமாக ஏற்றினால் உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமை வரலாம். தொடர்ந்து ஐந்து நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவை அப்படியே தொடரக் கூடாது; டாக்டரைக் கேட்டு அடியிலிருந்து தொடங்க வேண்டும். வால்புரோயேட், கருவில் இருக்கும் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும். குழந்தை பெறும் வயதுப் பெண்கள், கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் பேச வேண்டும்.

பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதும், மனம் தெளிந்ததும் தானாக நிறுத்திவிடுவதும் எனக்கு ஒரே அளவு தவறாகத்தான் படுகின்றன. லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். தற்கொலை எண்ணமும் கூடக்கூடும்.

திண்டுக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது. அடுத்த முறை போகும்போது கடைசி ரத்தப் பரிசோதனைச் சீட்டையும், வேறு நோய்களுக்குச் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள். இரவில் மனம் தாங்காவிட்டால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.