தறியருகே கற்ற ஓவியர்

காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறங்கொண்டு இணைவதைக் 'கோர்வை' என்பர். மூன்று நாடாக்கள் ஓட, நெசவாளரும் துணையாளரும் ஒருமித்து உழைத்தாலன்றி அது கைகூடாது. எனினும் நெய்பவரைத் தொழிலாளி என்றும், படம் தீட்டுபவரைக் கலைஞர் என்றும் நாம் பிரித்தே பேசுகிறோம். இது முறையாகுமா?

ஓவியர் கே. ஜி. சுப்பிரமணியன் இப்பிரிவினையை ஏற்றாரில்லை. 1924-இல் கேரளத்துக் கூத்துப்பறம்பில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். சென்னையில் பொருளாதாரம் பயின்றார். விடுதலைப் போரில் சிறை சென்றார். 1944-இல் சாந்திநிகேதனை அடைந்து நந்தலால் போசிடம் ஓவியம் கற்றார். 1959 முதல் 1961 வரை அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புத் துணை இயக்குநராகப் பணியாற்றினார். ஓவியரையும் நெசவாளரையும் ஒன்றிணைக்க நெசவாளர் சேவை மையங்கள் தோன்றியிருந்த காலம் அது. அத்தகைய மையமொன்று இன்று காஞ்சியிலும் உண்டு.

சிறு கூறுகள் சேர்ந்து பெருவடிவம் ஆவதே கைவினையின் இயல்பு. அவ்வழியில் அவர், 1963-இல் லக்னோ இரவீந்திராலயத்துச் சுவரைச் சுடுமண் ஓடுகளால் பேரோவியமாக்கினார். பொம்மைகளும் செய்தார், நாட்டுப்புற மரபைத் தழுவிக் கண்ணாடியின் பின்புறத்திலும் தீட்டினார். எண்பது வயதைக் கடந்த பின்னரும், சாந்திநிகேதனில் தாம் முன்னர் வரைந்த கருப்பு வெள்ளைச் சுவரோவியத்தைப் புதிதாக வரைந்தார். 2016-இல் மறையும்வரை அவர் மாணவராகவே வாழ்ந்தார் எனலாம்.

கற்கும் பணிவு உள்ளவரை கலை வளரும். நம் பிள்ளைகள் படம் வரைய விரும்பினால், வண்ணப்பெட்டியோடு தறியையும் குயவர் சக்கரத்தையும் காட்டுவோம். திருமணச் சேலை வாங்குகையில், அதனை நெய்த கைகளையும் கலைஞரின் கைகளென மதிப்போம்.