ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஏற்ற சப்பாத்து

மலையேற்றம் என்றவுடன் மேலே செல்வதை மாத்திரமே நாம் எண்ணுகின்றோம். ஏறியவர் யாவரும் இறங்கியே தீரவேண்டும் என்பதும், இறங்கும் வேளையிலேதான் கால்கள் களைத்திருக்கும் என்பதும் பலருக்கு நினைவில் வருவதில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்றனர் முன்னோர். அந்த யானை சறுக்கியதும் பெரும்பாலும் இறக்கத்திலேதான் இருந்திருக்கும்!

மாத்தளை மாவட்டத்தில் வாழும் எமக்கு இது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. மாத்தளை நகரம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 360 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. றத்தோட்டையைக் கடந்து செல்லும் வீதி வளைந்து வளைந்து மேலேறி எம்மை றிவஸ்டனுக்குக் கொண்டு சேர்க்கின்றது. அம்மலை 1,400 மீற்றரை அண்மிக்கும் உயரமுடையது. அதற்கப்பால் பிட்டவல பத்தனையின் புல்வெளியும், அதன் விளிம்பில் செங்குத்தாய் இறங்கும் பாறைச் சரிவும் உள்ளன. தும்பறை என்றும் நக்கிள்ஸ் என்றும் வழங்கும் இம்மலைத்தொடரின் அதியுயர் சிகரமாகிய கொம்பனிய 1,900 மீற்றரைக் கடந்து நிற்கின்றது. 2010ஆம் ஆண்டில் இத்தொடர், இலங்கையின் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக, யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

விடுமுறை வந்தால் குடும்பங்களும் மாணவர் குழுக்களும் அம்மலைகளை நாடிச் செல்கின்றன. சோற்றுப் பொதி, குடை, தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் மறவாமல் எடுத்துச் செல்வோர், காலில் மட்டும் கைக்கெட்டியதை மாட்டிக்கொண்டு புறப்படுகின்றனர். ஒருவர் காலில் தேய்ந்த பாடசாலைச் சப்பாத்து. மற்றவர் காலில் வீட்டு வாசலில் கிடந்த இறப்பர்ச் செருப்பு. ஏறும்போது இவை பெருந்தீங்கு செய்வதில்லை. ஈரமான மானாப்புல்லிலும் பாசி படிந்த கல்லிலும் இறங்கத் தொடங்கியபின்னரே இவற்றின் குணம் வெளிப்படும்.

ஏற்றம் வேறு, இறக்கம் வேறு

ஏறுங்கால் கணுக்கால் முன்னோக்கி நன்றாக மடங்கவேண்டும். பாதத்தின் முன்பகுதி நிலத்தை அழுத்த, கெண்டைக்காற் சதையும் தொடையும் உடலை மேலே தூக்குகின்றன. ஆகவே ஏற்றத்துக்கு வேண்டியது பாரங்குறைந்ததும், கணுக்காலை இறுக்காததும், விரல் மூட்டில் இலகுவாக வளைவதுமான சப்பாத்து. காலில் கூடும் பாரம் முதுகில் கூடும் பாரத்தைப்போன்றதன்று. காலில் ஒரு கிலோ ஏறினால், முதுகில் ஏறத்தாழ ஐந்து கிலோ ஏறியதற்கு ஒப்பான களைப்பு உண்டாகும் என்பது இராணுவ வீரரின் நடையை ஆராய்ந்தோர் கண்ட உண்மை. ஒவ்வோர் அடியிலும் அப்பாரத்தைத் தூக்கி, முன்னே வீசி, நிறுத்த வேண்டியிருப்பதே காரணம்.

இறங்குங்கால் நிலைமை தலைகீழாகின்றது. இப்போது உடலை மேலே தூக்கவேண்டியதில்லை. கீழே விழாமல் தடுத்து நிறுத்தவேண்டும். தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகின்றது. மலையேறி வந்த மறுநாள் மாடிப்படி இறங்கும்போது தொடை நோவதற்கு ஏற்றத்தைவிட இந்த இறக்கமே பெருங்காரணம். பாதமோ சப்பாத்துக்குள் முன்னோக்கி வழுக்கி, விரல்கள் முனையில் மோதுகின்றன. நகம் கறுத்துப்போவது இதனாலேயே. எனவே இறக்கத்துக்கு வேண்டியது குதியை அசையவிடாது பிடிப்பதும், விரலுக்கு இடம் விடுவதும், நிலத்தைப் பற்றுவதுமான உறுதியான சப்பாத்து.

ஒன்று இளகவேண்டும் என்கிறது. மற்றொன்று இறுகவேண்டும் என்கிறது. ஒரே சப்பாத்து இரண்டுக்கும் எவ்வாறு பொருந்தும்?

பனிநாட்டார் கண்ட வழி

இவ்வினாவை மிகக் கூர்மையாக எதிர்நோக்கியவர்கள் ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கில் ஈடுபடுவோர். அவர்களுள் ஒரு சாரார் இயந்திர ஊர்திகளின் துணையின்றித் தம் காலாலேயே பனிமலை ஏறிச் சறுக்கி இறங்குவர். ஏறும்போது சறுக்குப் பலகையின் அடியில் ஒரு பட்டையை ஒட்டுவர். முற்காலத்தில் அது கடல்நாய்த் தோலாக இருந்தது. இன்று பெரும்பாலும் செயற்கை இழை. அதன் மயிர் ஒரே திசையில் படிந்திருப்பதால், பலகை முன்னே நகரும், பின்னே வழுக்காது. குதி பலகையிலிருந்து விடுபட்டு உயரும். சப்பாத்தின் கணுக்காற் பகுதியும் பூட்டவிழ்ந்து முன்னும் பின்னும் அசையும். உச்சியை அடைந்ததும் பட்டையைக் கழற்றி, குதியைப் பலகையோடு பூட்டி, சப்பாத்தின் பின்புறத்தே உள்ள சிறு நெம்பைத் தட்டினால், இளகியிருந்த சப்பாத்து மரக்கட்டைபோல் விறைத்துவிடும்.

சப்பாத்தின் முனையை இரு சிறு ஊசிகளால் பற்றும் இலேசான பூட்டை, 1980களில் ஒஸ்திரியாவைச் சேர்ந்த பிரிற்ஸ் பார்த்தெல் என்பவர் அமைத்தார். பாரமான பூட்டைச் சுமந்து மலையேறும் சலிப்பே அவரை அதற்குத் தூண்டியது. எனினும் இன்றைக்கும் அச்சப்பாத்தை வாங்குவோர் ஒன்றைப் பெற ஒன்றை விட்டே ஆகவேண்டியிருக்கின்றது. மிக இலேசானது வேகமான இறக்கத்தில் தளரும். மிக உறுதியானது ஏற்றத்தில் காலை வாட்டும். எவ்வளவு தூரம் ஏறப்போகின்றோம், எத்தகைய சரிவில் இறங்கப்போகின்றோம் என்பதை முதலில் தீர்மானித்த பின்னரே அவர்கள் கடைக்குச் செல்வர்.

எமது மலையில் பனியில்லை. நெம்பு வைத்த சப்பாத்தும் வேண்டியதில்லை. ஆயினும் அந்நெம்பின் வேலையைச் செய்யும் ஒரு பொருள் எம்மிடம் உண்டு. அதுதான் சப்பாத்துக் கயிறு! ஏறும்போது கணுக்காற் பகுதியைச் சற்றுத் தளர்த்திக் கட்டுக. உச்சியில் அமர்ந்து இளைப்பாறிய பின், குதியைத் தரையில் இருமுறை தட்டிப் பின்னுக்குத் தள்ளி, கயிற்றை மேலிருந்து கீழ்வரை இறுக்கிக் கட்டுக. இரண்டு நிமிட வேலை. ஆனால் இதைச் செய்தவரின் விரல் நகம் கறுப்பதில்லை, குதி புரள்வதில்லை.

பற்கள் பிறந்த கதை

கயிற்றுக்கு அடுத்து முக்கியமானது அடிப்பாகம். முன்னாளில் மலையேறுவோர் தோற் சப்பாத்தின் அடியில் இரும்பாணி அறைந்து அணிந்தனர். 1935ஆம் ஆண்டில் ஆல்ப்ஸ் மலையில் நேர்ந்த விபத்தொன்றில், விற்றாலே பிரமானி என்னும் இத்தாலிய மலையேறி தம் தோழர் அறுவரை இழந்தார். தகுந்த பாதணி இருந்திருப்பின் அவர்கள் பிழைத்திருப்பர் என்ற எண்ணம் அவரை வாட்டியது. அதன் விளைவாக, பாறையையும் பனியையும் ஒருங்கே பற்றக்கூடிய, ஆழமான பற்களையுடைய இறப்பர் அடிப்பாகத்தை அமைத்து, 1937இல் அதற்கு உரிமைப்பத்திரமும் பெற்றார். அவர் பெயரின் முதலெழுத்துக்களிலிருந்து பிறந்ததே 'வைப்ரம்' என்னும் வணிகப்பெயர். 1954இல் கே-2 சிகரத்தை முதன்முதல் எட்டிய இத்தாலியரும் அத்தகைய அடிப்பாகத்தையே நம்பிச் சென்றனர்.

கடையில் சப்பாத்தைத் திருப்பிப் பாருங்கள். உழவு இயந்திரச் சில்லில் உள்ளவைபோன்று பற்கள் ஆழமாகவும் இடைவெளியுடனும் இருந்தால் சேறு ஒட்டாது உதிரும். பற்கள் நெருங்கியிருப்பின் சேறு அடைத்து, அடிப்பாகம் வழுவழுப்பாகிவிடும். குதியின் முன்விளிம்பு படிபோல் வெட்டப்பட்டிருத்தல் நன்று. இறக்கத்தில் அதுவே தடையாக உதவும். இறப்பர் மிகக் கடினமாயின் நெடுங்காலம் உழைக்கும். ஈரக் கல்லில் வழுக்கும். நகத்தால் அழுத்தினால் சிறிது இசைந்து கொடுப்பதே எமது மலைக்கு ஏற்றது.

கடையில் செய்யவேண்டிய சோதனை

காலையில் சப்பாத்து வாங்காதீர்கள், மாலையில் செல்லுங்கள். பகல் முழுவதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். மலையிலும் அது அவ்வாறே வீங்கும். மலைக்கு அணியும் தடித்த காலுறையையும் கொண்டு செல்லுங்கள். கயிற்றைக் கட்டாமல் காலை நுழைத்து, விரல்கள் முனையைத் தொடும்வரை முன்னே தள்ளுங்கள். அப்போது குதிக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய இடமிருந்தால் அளவு சரி. பின்னர் இறுகக் கட்டி, படிக்கட்டிலோ சரிவிலோ இறங்கிப் பாருங்கள். விரல் முனையில் இடித்தால் அது எத்துணை அழகாயினும் வேண்டாம். குதி உயர்ந்து கழன்றாலும் வேண்டாம். சப்பாத்தைக் கையால் வளைத்தால் விரல் மூட்டு அமையும் இடத்தில் வளையவேண்டும். நடுவில் மடிந்தால் அது மலைக்கு உதவாது.

வளரும் பிள்ளைக்கு இரண்டளவு பெரிதாக வாங்குவது எம்மவர் வழக்கம். சமதரையில் அது சிக்கனமாகலாம்; இறக்கத்தில் அது ஆபத்து.

பழைய சப்பாத்து வைத்திருப்போருக்கும் ஓர் எச்சரிக்கை. சில சப்பாத்துக்களின் இடையடுக்கு பொலியூறித்தேன் என்னும் பொருளாலானது. எமது நாட்டின் ஈரக்காற்றில் நெடுநாள் அலுமாரியில் கிடந்தால் அது அணியாமலே உக்கிப்போகும். புதிதுபோல் தோன்றும் சப்பாத்தின் அடிப்பாகம் நடுமலையில் கழன்று விழுவது இதனாலேயே. பயணத்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே அணிந்து ஊரில் நடந்து பார்ப்பது நன்று.

மழையும் அட்டையும்

தண்ணீர் புகாத சப்பாத்தே சிறந்தது என்று விற்பனையாளர் கூறுவர். தும்பறை மழையிலோ நீர் கணுக்கால் வழியாக மேலிருந்தே இறங்கும். அவ்வாறு புகுந்த நீர் அச்சப்பாத்திலிருந்து எளிதில் வெளியேறாது. நனைந்தாலும் விரைவில் வடியும் துணிச் சப்பாத்து பலவேளை மேலானது. பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்துவைத்துக் கொப்புளத்தை உண்டாக்கும். கம்பளியோ செயற்கை இழையோ கலந்தது நன்று. ஈரக்காட்டில் அட்டைகள் காத்திருக்கும். முழங்கால்வரை இழுத்துக் கட்டும் நெருக்கமான நெசவுடைய அட்டைக் காலுறை அவற்றைத் தடுக்கும். வீடு திரும்பியபின் சப்பாத்தை அடுப்பங்கரையில் வைக்காமல், பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து நிழலில் உலர்த்துங்கள்.

வெறுங்காலின் வரலாறு

இத்தனையும் ஆண்டுக்கு ஒருமுறை மலையேறுவோருக்குச் சொன்னவை. நாள்தோறும் ஏறி இறங்குவோரும் இம்மாவட்டத்தில் உள்ளனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழகத்திலிருந்து வந்த எம் மக்கள், மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாக மாத்தளையை அடைந்தனர். 200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அக்காட்டுவழியை அவர்கள் கால்நடையாகவே கடந்தனர். வழியில் நோயினால் மாண்டோர் பலர். எஞ்சியோர் மலையில் வெறுங்காலுடன் உழைத்தனர். ஈரமண்ணிலிருந்து கொக்கிப்புழு பாதத்தின் தோலைத் துளைத்து உடலுட் சென்று, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சியது. 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனத்தார் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையை மாத்தளைத் தோட்டங்களில் மேற்கொண்டனர். மருந்தும் மலசலகூடமும் அதில் முதலிடம் பெற்றன. பாதணியின் அவசியமும் அன்றே அறியப்பட்டிருந்தது. அதை வாங்கும் ஊதியம் மட்டும் அம்மக்கள் கையில் இருக்கவில்லை.

இன்றும் எல்கடுவையிலும் றத்தோட்டைப் பகுதியிலும் உள்ள தேயிலை மலைகளில், கொழுந்துச் சுமையுடன் மடுவத்துக்கு இறங்கும் பெண்களுள் பலரின் காலில் இறப்பர்ச் செருப்பே இருக்கின்றது. சிலர் காலில் அதுவுமில்லை. கோயில் வாசலில் செருப்பைக் களைவது பக்தி. வழுக்கும் மலையில் செருப்பின்றி நிற்பது வறுமை. ஏற்றத்தைவிட இறக்கமே கொடியது என்று இதுவரை கூறியவையெல்லாம், முதுகில் சுமையோடு இறங்கும் அவர்களுக்கே முதலிற் பொருந்தும். தோட்ட நிருவாகங்களும் தொழிற்சங்கங்களும் ஊதியத்தைப் பேசும் மேசையில் பாதணியையும் பேசவேண்டும்.

அதுவரை குடும்பங்கள் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. மாணவனுக்குச் சுற்றுலாச் சப்பாத்து வாங்கப் பணம் சேர்க்கும் வீட்டில், அவன் அன்னை நாளைக் காலையும் அதே மலைக்குச் செல்லவேண்டியிருக்கின்றது. கடைக்குப் புறப்படும் பிள்ளை, மாலையில் அவள் வேலையால் திரும்பியதும், அவள் பாதத்தை ஒரு காகிதத்தில் வைத்துச் சுற்றி வரைந்து எடுத்துச் செல்வானாக. ஒரு சோடிக்கு மட்டுமே பணம் இருக்குமாயின், அதனை யாருக்கு வாங்குவது என்பதை அக்காகிதமே அவனுக்குச் சொல்லும்.