கொரிந்தியர் நாடிய வரங்கள்

பவுல் அப்போஸ்தலர் ஒன்றரை ஆண்டுக்காலம் தங்கி, கூடாரத் தொழில் செய்துகொண்டே சபையை ஸ்தாபித்த நகரம் கொரிந்து. கி.மு. 146இல் ரோமானியரால் அழிக்கப்பட்டு, கி.மு. 44இல் ஜூலியஸ் சீசரின் ஆணையால் மறுபடி எழும்பிய அந்நகரம், கெங்கிரேயா, லெகாயோன் என்ற இரு துறைமுகங்களின் வருமானத்தில் கொழுத்து, குலப்பெருமை பேச வழியற்ற புதுக்குடிகள் ஒருவரையொருவர் விஞ்சப் போட்டியிடும் ஊராக விளங்கிற்று. ஊரின் குணம் சபைக்குள்ளும் புகுந்ததில் ஆச்சரியமில்லை. சந்தையில் செல்வத்தினாலும் மன்றத்தில் வாக்குவன்மையினாலும் மேன்மை தேடியவர்கள், ஜெபக்கூட்டத்தில் அந்நியபாஷையினால் மேன்மை தேடினார்கள்.

எபேசு பட்டணத்தில் ஊழியம் செய்துகொண்டிருந்த பவுலுக்கு, குலோவேயாளின் வீட்டார் மூலம் சபைப் பிளவுகளின் செய்தி எட்டியது. சபையாரும் சந்தேகங்களைக் கேட்டு எழுதியிருந்தனர். திருவிருந்துக்குக் கூடும் வீட்டிலே ஒருவன் பசியோடிருக்க மற்றொருவன் வெறித்திருந்தான்; புதிதாய் உள்ளே வரும் அந்நியன் அனைவரும் பித்தர் என்று எண்ணும்படி, பொருள் விளங்காத பாஷைகள் ஒரே சமயத்தில் முழங்கக்கூடிய நிலை இருந்தது. சாதாரணத் தலைவர் எவரும் இந்நிலையில் வரங்களையே தடைசெய்து, அமைதியை நிலைநாட்டியிருப்பார். பவுல் அப்படிச் செய்யவில்லை. கி.பி. 54ஆம் ஆண்டை ஒட்டி அவர் எழுதிய நிருபத்தில், வரங்களை இன்னும் தீவிரமாய் நாடும்படியே சொல்லி, அந்நாட்டத்தின் திசையை மட்டும் மாற்றினார். பக்கத்தில் அமர்ந்திருப்பவன் அர்த்தம் அறிந்து ஆமென் சொல்லக் கூடுமா என்பதே அவர் வைத்த உரைகல். அவர்கள் எல்லாரையும்விட அதிகமாய் அந்நியபாஷை பேசுகிற தாமே, சபையிலே பதினாயிரம் புரியாத வார்த்தைகளைக் காட்டிலும் பிறருக்கு விளங்கும் ஐந்து வார்த்தைகளை விரும்புவதாக எழுதினார். பேசுவோர் இருவர், மிஞ்சினால் மூவர். அதுவும் ஒருவர்பின் ஒருவராக. அர்த்தம் சொல்வார் இல்லையேல் மௌனம்: இதுவே அவர் வகுத்த ஒழுங்கு.

வரங்களைப் பற்றிய இப்போதனையின் நடுவே வரும் அன்பின் அதிகாரத்தைக் கல்யாண வீடுகளில் வாசித்து வாசித்து, அது ஒரு சச்சரவைத் தீர்க்க எழுதப்பட்டது என்பதை நாம் ஏறக்குறைய மறந்தே போனோம்!

பன்னிரண்டாம் அதிகாரத்தின் இறுதியில் பவுல் தரும் வரிசையை ஊன்றி நோக்குக. அற்புதங்களுக்கும் குணமாக்குதலுக்கும் அடுத்து, அந்நியபாஷைகளுக்கு முன்னே, உபகாரங்களும் ஆளுகைகளும் நிற்கின்றன. எளியவனுக்குக் கை கொடுப்பதும், சபைக் காரியங்களைச் சீராக நடத்துவதும் ஆவியானவர் அருளும் வரங்களே. இவ்விரண்டையும் வாஞ்சித்து உபவாசமிருக்கும் விசுவாசியை நம் எழுப்புதல் கூட்டங்களில் காண்பது அரிது; அவை மேடைக்கு வராத வரங்கள் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

அதே நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், எருசலேமிலிருந்த பரிசுத்தவான்களுக்காக வாரத்தின் முதல்நாள்தோறும் அவரவர் வரவுக்குத் தக்கபடி பணம் சேர்த்துவைக்கவும், அதைக் கொண்டுபோகத் தகுதியுள்ளவர்களைச் சபையாரே தெரிந்துகொள்ளவும் பவுல் ஏற்பாடு செய்கிறார். பிற்பாடு ரோமருக்கு எழுதுகையில், மக்கெதோனியரும் அகாயா நாட்டாரும் அத்தருமத்தை மனமுவந்து சேகரித்ததாகக் குறிப்பிடுகிறார். அகாயாவின் தலைநகரம் கொரிந்து.